ஊறுகாய் ஜாடியின் பளபளப்பைக் கழற்றி மாட்டியது

மேல் பாதி காப்பிக்கொட்டை நிறம், கீழ்ப் பாதி வெளிர் மஞ்சள் என்று இருக்குமே, அந்தப் பீங்கான் ஊறுகாய் ஜாடிதான் இந்த முறை சோதனைப் பொருள். ஒரு போட்டோவில் பளபளப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் நோண்டிப் பார்க்க ஆசை.

ஜாடியை ஜன்னலோரம் வைத்து, எக்ஸ்போஷரை நன்றாகக் குறைத்து எடுத்தேன். இல்லாவிட்டால் ஹைலைட், அதாவது வெளிச்சம் பட்டு மின்னும் இடம், பர்ன் ஆகி வெறும் வெள்ளைதான் மிஞ்சும். பெரிதாக்கினால், ஜாடியின் தோளில் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது ஒரு குட்டி ஜன்னல். கம்பிகள் வளைந்திருந்தன, கழுத்துக்குப் பக்கத்தில் நெருங்கி, வயிறு அகலும் இடத்தில் விரிந்திருந்தன. மெருகுப் பூச்சு தன்மேல் நேராக விழும் வெளிச்சத்தில் 4 சதவீதம் போலத்தான் அப்படியே திருப்பி அனுப்பும். அந்தச் சொற்பத்திலிருந்துதான் இவ்வளவும்.

ஹீல் டூலால் ஹைலைட்டுகளைத் துடைத்தேன். ஜாடி மண்சட்டி மாதிரி ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நான் கையே வைக்காத வயிற்றுப் பகுதியும் சேர்ந்து மங்கிவிட்டது. பெக், பிராஸ்ட்னி என்ற பார்வை ஆய்வாளர்கள் இருவரும் 1981இல் இதையே தலைகீழாகச் செய்திருக்கிறார்கள்: மங்கலான ஜாடிப் படத்தில் ஹைலைட்டைச் சேர்த்ததும் ஜாடி முழுக்கப் பளபளப்பாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்ததுதான் இதில் ருசியான பகுதி. அசல் படத்திலிருந்து மங்கல் படத்தைக் கழித்தால் ஹைலைட் மட்டும் தனி லேயராக நிற்கும். அதை அடிஷன் மோடில் (மேல் லேயரின் வெளிச்சத்தைக் கீழ்ப் படத்தோடு கூட்டும் முறை) மேலே போட்டால் பழைய ஜாடி திரும்பி வந்துவிடும். வந்ததும் அந்த லேயரை மட்டும் கொஞ்சம் சாய்த்தேன். பளபளப்பு போயே போச்சு! அம்மாவிடம் காட்டினேன்.

"என்னடா இது, ஜாடியில யாரு சுண்ணாம்பைத் தடவினது?"

"அதே வெளிச்சம்தாம்மா, கொஞ்சம் திருப்பி வெச்சேன்."

"அப்ப நேரா வை, பார்க்கச் சகிக்கல."

அசல், சாய்த்தது என இரண்டு படங்களின் ஹிஸ்டோகிராமையும் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பார்க்கக் காரணம் உண்டு. ஹிஸ்டோகிராமின் வால் வெளிச்சப் பக்கம் நீண்டிருந்தால் பொருள் பளபளப்பாகத் தெரியும் என்று மொடோயோஷி குழுவினர் 2007இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பிக்சல்களை எண்ணினால் போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஆண்டர்சனும் கிம்மும் 2009இல் ஹைலைட்டுகளை இடம் மாற்றிக் காட்டி அதை மறுத்தார்கள். என் ஜாடியும் அவர்கள் கட்சிதான். வெள்ளைத் திட்டு பக்கத்து நிழலோடும் வளைவோடும் ஒத்துப்போனால்தான் கண் அதை மெருகு என்று ஏற்கிறது, ஒத்துப்போகாவிட்டால் கறை.

இருட்டறையில் ஒரு டார்ச் மட்டும் அடித்தும் எடுத்தேன். ஒரே ஒரு புள்ளி. சாக்பீஸ் பொட்டா, மெருகா, சொல்ல முடியவில்லை. ஃப்ளெமிங், ட்ரோர், அடெல்சன் 2003இல் சொன்னது இதுதான்: நிஜ உலகத்தின் கலவையான வெளிச்சத்தில் பளபளப்பை நாம் சரியாக மட்டுக்கட்டுகிறோம், ஒற்றை விளக்கில் தடுமாறுகிறோம். விற்பனைக்குப் பாத்திரம் படமெடுப்பவர்கள் ஃபிளாஷைப் பையிலேயே வைத்திருக்கலாம்.

இன்னொன்று. தொட்டால் இரண்டு பாதியும் ஒரே வழவழப்பு. ஆனால் பழுப்புத் தோள்தான் அதிகம் மின்னுகிறது. அடர்நிறத்தின் மேல் பிரதிபலிப்பு தூக்கலாகத் தெரிவதால் வரும் வேலை.

இப்போது இரண்டு கண் விவகாரத்தில் இறங்கியிருக்கிறேன். எவர்சில்வர் கரண்டியின் முதுகில் தெரியும் ஜன்னலை இடக்கண், வலக்கண் என மாற்றி மாற்றிப் பாருங்கள். கரண்டியில் உள்ள கீறல் ஓரிடம், ஜன்னல் வேறிடம் என்று விலகி நகரும். குவிந்த பரப்பில் அந்தப் பிம்பம் பரப்புக்குப் பின்னால் இருக்கிறது. பிளேக்கும் பியூல்தாஃபும் 1990இல் காட்டியபடி, கண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஜாடியை இடம், வலம் என இரண்டு படமாக எடுத்து வைத்துவிட்டேன். ஹைலைட்டை ஒரு முறை பரப்பின் மேலேயே ஒட்டியும், ஒரு முறை பின்னால் தள்ளியும் பார்க்க வேண்டும். இரண்டு படத்தையும் சேர்த்து முப்பரிமாணமாகப் பார்க்க, சிவப்பு, நீலப் பச்சை செலோபேன் தாள் வாங்கியாயிற்று. அட்டையில் கண்ணாடி வெட்டுவதுதான் பாக்கி.