அல்சூரில் ஓர் இமையவன்

ஜனவரி 14, 2024, ஞாயிறு

போகியன்று வீட்டிலிருந்து பழையது வெளியே போக வேண்டும். நான் புதிதாக ஒன்றை உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். தயிர் டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஊசித் துளைகள், உள்ளே ஈரமான காகிதம். அதன் மடிப்புக்குள் என் உள்ளங்கை நீளத்தில் ஒரு பல்லி. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சார், மருந்தா?" என்று கேட்டார். பல்லி என்றேன். அல்சூர் வரும்வரை அவர் மறுபடி வாய் திறக்கவில்லை.

பெயர் க்ரெஸ்டட் கெக்கோ. கண்ணுக்கு மேலே தொடங்கி கழுத்துவரை இரண்டு வரிசையாக முள் முள்ளாக ஓடும் கொண்டை. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில், பிரான்ஸ் வசம் இருக்கும் நியூ கலிடோனியா தீவுகள். 1866இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த இனம் பிறகு அழிந்தே போய்விட்டதாக நம்பப்பட்டது. 1994இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. இன்று அங்கிருந்து ஒன்றைக்கூட வெளியே கொண்டுவர அனுமதி இல்லை. உலகெங்கும் வீடுகளில் இருப்பவை முன்பு வெளியேறிய சிலவற்றின் வாரிசுகள். என்னுடையது நகரின் வடக்கே ஒருவர் வீட்டில் முட்டையிலிருந்து வந்தது. எடை 11 கிராம், நகைத் தராசில். விலையை இங்கே எழுதப் போவதில்லை. அம்மா படிப்பார்.

விற்றவர் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன்: "பெங்களூருக்கென்றே படைத்த பல்லி சார். ஹீட்டர் வேண்டாம், ஏசி வேண்டாம்." இதற்கு 22 முதல் 26 டிகிரி போதும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஊரில் அது தானாகவே கிடைக்கிறது. அப்படித்தான் நினைத்தேன்.

ஜனவரி 23

ஒன்பது நாளாகச் சாப்பிட்டதற்கு அடையாளம் இல்லை. பழப்பொடி உணவு, ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, கேழ்வரகுக் கூழ் பதத்தில் கரைத்து, பாட்டில் மூடியில் வைத்து, கூண்டின் மேல்பக்கத்தில் ஒட்ட வேண்டும். வாழைப்பழ வாசனை. நானே ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன், சுமார்தான்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "எத்தனை முறை கூண்டைத் திறக்கிறீர்கள்?" என்றார். ஆறேழு முறை என்றேன். சிரித்தார். "திறக்காதீர்கள்."

ஜனவரி 26

விடுமுறை. காலையில் பார்த்தால் கூழின் நடுவே சிறிய நாக்குத் தடம். ஒரு மிளகு அளவு குறைந்திருந்தது. அதைப் படம் எடுத்து நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

பிப்ரவரி 11

பெயர் வைத்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் நான்கு காலும் ஒட்டியிருந்தது. வால் நுனியிலும் விரல்களில் இருப்பதுபோலவே ஒட்டும் பட்டை உண்டு; ஐந்தாவது கை என்றே சொல்லலாம். திடீரென்று நாக்கை நீட்டி வலது கண்ணை ஒரு துடைப்பு. பிறகு இடது கண். பஸ் கண்ணாடியில் வைப்பர் ஓடியதுபோல் இருந்தது. அதற்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளிபுகும் ஒரு சவ்வுதான். தூசி படிந்தால் நாக்கால் துடைக்க வேண்டியதுதான். ஆனால் பாருங்கள், லத்தீனில் இதற்கு வைத்த பெயருக்கே இமைமயிர் உடையது என்று பொருள். இமை இல்லை, இமைமயிர்போல் முட்கள் மட்டும் உண்டு.

கண் இமைக்காதவர்களை நாம் என்னவென்று சொல்கிறோம்? இமையவர். சுயம்வர மண்டபத்தில் நளன் வடிவில் வந்து உட்கார்ந்த தேவர்களைத் தமயந்தி கண்டுபிடித்தது இமையாத கண்களை வைத்துத்தானே. ஆக, இமையவன். காஞ்சிபுரத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "பல்லிக்குத் தேவர் பெயரா?" என்றவர், சற்று நேரம் கழித்து, "சரி, கெட்ட பெயர் இல்லை" என்றார்.

பிப்ரவரி 25

சட்டை உரித்துவிட்டான். நேற்றுக் காலையில் உடம்பெல்லாம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தான். நோய் என்று பயந்தேன். இரவில் மூக்கு நுனியிலிருந்து தோல் பிளந்தது. வாயால் பற்றி இழுக்கிறான், கையுறையைக் கழற்றுவதுபோல் முன்கால் விரல்களிலிருந்து தோல் வருகிறது, வந்ததைத் தின்கிறான். மிச்சம் வைப்பதில்லை. பின்னங்காலில் ஒரு விரலில் மட்டும் வளையம்போல் சிக்கிக்கொண்டது. அப்படியே விட்டால் இறுகி, ரத்தம் ஓடாமல் விரலே போய்விடும். இன்று ஈரத்துணி விரித்த டப்பாவில் கால் மணி நேரம் உட்காரவைத்து, காது குடையும் பஞ்சால் உருட்டி எடுத்தேன். விரலின் அடியில் இருக்கும் பட்டைகள் புத்தகத் தாள்போல் வரி வரியாகத் தெரிந்தன.

மார்ச் 9

ஊரில் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் ஆழ்குழாய் வற்றிவிட்டது; லாரி வந்தால்தான் குளியல். குடிநீரில் கார் கழுவினாலும் தோட்டத்துக்குப் பாய்ச்சினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். நானோ தினமும் இரவு வடிகட்டிய குடிநீரை ஒரு பல்லிக்காகச் சுவரில் தெளித்துக்கொண்டிருக்கிறேன். அவன் கிண்ணத்தில் குடிப்பதைவிட இலையில் நிற்கும் துளியை நக்குவதையே விரும்புகிறான். நாளொன்றுக்கு ஒரு டம்ளருக்கும் குறைவுதான். இருந்தாலும் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் தெளிக்கிறேன்.

இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்வது பற்றிய புதிய விதிகள் சென்ற மாதக் கடைசியில் வெளிவந்தன. வனவிலங்குச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் உள்ள உயிர் என்றால் ஆறு மாதத்துக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். அட்டவணை முழுக்க லத்தீன். இவன் இனத்தின் முதற்பெயரையே 2012இல் மாற்றியிருக்கிறார்கள். எனவே பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் வைத்துக்கொண்டு தேட வேண்டும். பாதியில் கண் வலித்தது. வனத்துறைக்கே ஒரு கடிதம் எழுதிவிட்டேன், ரசீதின் நகலோடு. இந்த ஊரில் நட்சத்திர ஆமையை 'அதிர்ஷ்டத்துக்கு' என்று டப்பில் போட்டு ஒளித்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அது நேரே சிறைக்குப் போகும் வழி, காட்டிலிருந்து பிடித்துவந்த உயிர். அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார எனக்கு விருப்பமில்லை.

எடை 15 கிராம்.

ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு

அம்மா வந்திருக்கிறார். பையை வைத்ததும் நேரே கூண்டுக்குத்தான் போனார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி: "இது சொல்லுமாடா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. வீட்டுப் பல்லி ச்சு ச்சு என்றால் நாம் 'பல்லி சொல்கிறது' என்போமே, அது. எந்தத் திசையில், எந்தக் கிழமையில் என்று பஞ்சாங்கத்தில் பார்க்கிற சொல். மூன்று மாதத்தில் இவன் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றேன். "தேவராயிற்றே, மேலே விழுந்தால் தோஷமும் இருக்காது" என்றார். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வளர்ந்தவருக்குப் பல்லி புதிதல்ல. சமையலறை அலமாரிக்குக் கீழே நான் டப்பாவில் வளர்க்கும் டூபியா கரப்பான்களைப் பார்த்ததும்தான் குரல் உயர்ந்தது. "கரப்பானை விரட்டப் பல்லி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பல்லிக்காகக் கரப்பான் வளர்ப்பவனைப் பெற்றிருக்கிறேன்."

வீட்டுக்குள் 30 டிகிரி. 28க்கு மேல் நீண்ட நேரம் போனால் இவனுக்கு ஆகாது. ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் மேல் வைக்கிறேன். அம்மா ஈரச் சாக்கைக் கூண்டின் ஒரு பக்கம் தொங்கவிட்டு மின்விசிறியை அதற்கு நேரே திருப்பினார். அதில் மூன்று டிகிரி இறங்கியது. என் பாட்டில் வித்தையில் ஒன்றரைதான்.

ஏப்ரல் 26

வாக்குப்பதிவு. வரிசையில் ஒரு மணி நேரம். விரலில் மையோடு வீடு வந்ததும் முதலில் பார்த்தது வெப்பமானியைத்தான். 31. இந்த மாதம் ஒரு சொட்டு மழை இல்லை.

ஏப்ரல் 28

எழுதத் தயக்கமாக இருக்கிறது.

இன்று ஊரில் 38.5 டிகிரி. பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும் கூண்டுக்குள் 32. இமையவன் வாயைச் சற்றுத் திறந்தபடி அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தான். கீழ்வீடு பழைய மதராஸ் தளம் போட்ட வீடு, சுவர் ஒன்றரை அடி, அங்கே குளிர்ச்சி. வீட்டுக்காரம்மா கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

கையில் இருந்த டப்பாவை அவனுக்கு முன்னால் வைத்து, அவனாக ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் முறை, எனக்குத் தெரியும். ஆனால் அவசரம். மேலிருந்து கையைக் கவிழ்த்துப் பிடித்தேன். மேலிருந்து வருவது எதுவும் அவனுக்குப் பருந்துதான். துள்ளினான். விரல்களுக்கு நடுவே ஏதோ சொடுக்கு விழுந்த மாதிரி இருந்தது. அவன் டப்பாவுக்குள் இருந்தான். வால் என் கையில் இருந்தது. அது துடித்தது, தரையில் விழுந்து துடித்தது, அம்மா வந்து பார்க்கும்வரை துடித்தது. கூழும் கரப்பானும் தந்து மூன்றரை மாதம் வளர்த்த வால்.

"சின்ன வயதில் நீ எத்தனை பல்லி வாலை அறுத்திருக்கிறாய், எல்லாம் முளைத்ததே" என்றார் அம்மா. வீட்டுப் பல்லிக்கு முளைக்கும். இந்த இனத்துக்கு முளைக்காது. போனது போனதுதான்.

ஏப்ரல் 30

ரத்தம் பெரிதாக இல்லை. மண்ணை எடுத்துவிட்டு வெறும் காகிதம் விரித்திருக்கிறேன், புண்ணில் ஒட்டாமல் இருக்க. மருந்து எதுவும் போட வேண்டாம் என்றார் கால்நடை மருத்துவர். நியூ கலிடோனியாவின் காடுகளிலும் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை வாலில்லாமல்தான் திரிகின்றனவாம். ஆறுதலுக்குச் சொன்னார். காட்டில் அதை அறுத்தது என் கை இல்லையே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

15 கிராம். மார்ச் மாத எடை.

மே 9

மழை. நேற்று மண் வாசனை வந்ததும் அம்மா ஜன்னலைத் திறந்துவைத்தார். இரவு 24 டிகிரி. இமையவன் முதன்முறையாகக் கூழைக் காலி செய்திருக்கிறான். புண் இருந்த இடத்தில் ஒரு சிறு கூம்பு, புளியங்கொட்டையில் பாதி அளவு. பின்னாலிருந்து பார்த்தால் தவளை. தாவும்போது மட்டும் பழைய கணக்கில் தாவி, இலையில் சற்றுத் தடுமாறுகிறான். ஐந்தாவது கையைத் தேடுகிறான்போலும்.

அம்மா நாளை ஊருக்குப் போகிறார். கரப்பான் டப்பாவுக்குத் தானே கேரட் துண்டுகள் போட்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 3

நேற்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் இப்படி ஒரு நாள் பெய்தது 1891க்குப் பிறகு இதுதானாம். கீழ்வீட்டு வாசல்வரை தண்ணீர். மார்ச்சில் டம்ளர் தண்ணீரைத் திரை மூடித் தெளித்த ஊர் இதுவேதான்.

19 கிராம். தராசில் இறக்கும்போது கையை மேலிருந்து கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நீட்டிக் காத்திருந்தேன். ஏழு நிமிடம் ஆனது. ஏறினான்.

பாதி இரவில் கூண்டிலிருந்து ஒரு சத்தம். நாய்க்குட்டி தூக்கத்தில் குரைப்பதுபோல், வறண்ட, குட்டையான சத்தம். இரண்டு முறை. ஜன்னலில் கிளை உரசியதற்குக் கோபம் என்று நினைக்கிறேன். காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சொன்னானா? எந்தத் திசையில்?"

கிழக்கு என்றேன். மகிழ்ந்துபோனார். போனை வைத்த பிறகுதான் எழுந்து பார்த்தேன். கூண்டு இருப்பது தென்மேற்கு.