உன்ட பிள்ளைய இதில ஏத்துவியா?

மொறிஸ் மைனர் என்ற பழைய ஆங்கிலேய வண்டியின் முன் சக்கரம் மடிந்து விழுவது பெரும்பாலும் வண்டி மெதுவாக அசையும்போதுதான். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பின்னால் எடுக்கும் நேரத்தில், கீழ் ட்ரனியனுக்குள், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கிங்பின் கம்பி திருகாணிபோல் இறங்கியிருக்கும் மூட்டுக்குள், தேய்ந்துபோன புரி பிடியை விட்டுவிடும். சக்கரம் மட்கார்டுக்குள் சரிந்துவிடும். மாமாவின் பிக்கப்புக்கும் அப்படித்தான் நடந்தது. நெல் மூடைகளை இறக்கிவிட்டு வளவுக்குள் வண்டியைத் திருப்பியபோது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேலே மண்முனைப் பாலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்திருந்தால் என்ற நினைப்புத்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

ட்ரனியனும் கிங்பின்னும் மாற்றினால் போதும் என்று சொன்னேன். அவர் கேட்டார்:

“மனே, மாத்தினாப் பிறகு உன்ட பிள்ளைய இதில ஏத்துவியா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னேன்: “ஒழுங்கா கிரீஸ் அடிச்சா ஏத்துவன் மாமா.”

அவர் சரிந்து கிடந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப முன்னுக்குள்ள முழுசையும் மாத்து” என்றார்.

வேலை முடிந்து வண்டியும் ஓடுகிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் என்னை விடுவதாக இல்லை. அந்த நேரத்தில் நான் செய்தது கணக்குப் பார்த்தது. கிங்பின் புரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ட்ரனியன் எந்தத் தரத்தில் இருக்கும், வண்டிக்குக் கீழே புகுந்து கிரீஸ் கன் பிடிக்க இனி யார் இருக்கிறார்கள். எந்த மெக்கானிக்கும் வாய் திறக்குமுன் இதைத்தான் பார்ப்பான். ஆனால் கேட்டவர் மெக்கானிக் இல்லை. பேத்தியைத் தினமும் முன் சீற்றில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுபவர். என் யோசனை அவருக்கு ‘மாட்டேன்’ என்றே கேட்டிருக்கும்.

மைனர் 1948இல் வந்த வண்டி. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பிறகு மினியையும் வடிவமைத்தார். வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. இரண்டு பக்கமும் நீளமான டோர்ஷன் பார், அதாவது முறுக்குக் கம்பி, லோவர் ஆமில், அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையில் தொடங்கி சீற்றுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம் வரை போகும். சக்கரம் மேலே எழும்பும்போது கம்பி முறுகும், பிறகு திரும்பும். இதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. பள்ளத்தில் விழும் அடியின் பெரும்பங்கை முன்சட்டம் வாங்காமல் வண்டியின் நடுப்பகுதி வாங்கிக்கொள்கிறது. மேலே தனியாக ஆமும் இல்லை. சொக் அப்சோபரின் கையே அப்பர் ஆமாக வேலை செய்யும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கிங்பின்னின் மேல் நுனியும் கீழ் நுனியும் ட்ரனியனுக்குள் புரியாக இறங்கியிருக்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு வலப்புரி, மறு பக்கத்துக்கு இடப்புரி. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரிதான் சுழலும். அந்தப் புரிக்கு உயிர் கிரீஸ்தான். 1000 மைலுக்கு ஒருதரம் கிரீஸ் உள்ளே போகும் நிப்பிளில் அடித்துவிட்டால் அந்த வண்டி பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும் என்பதை நான் இன்றும் நம்புகிறேன்.

மாமா கிரீஸ் அடிக்காதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அவருடைய அப்பாவின் வண்டி. மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தானே, அதற்கு முன் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து இந்தப் பக்கம் வரப் பாதையில்தான், அதாவது வண்டி ஏற்றும் மிதவையில்தான் ஏற்றிக் கொண்டுவருவார்கள். உப்புத் தண்ணி பட்டால் அன்றைக்கே கழுவிக் கிரீஸ் அடிப்பாராம் அவருடைய அப்பா. மாமாவும் அதே கைப்பழக்கத்தில் வந்தவர். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. அதற்குப் பிறகு மாரி வெள்ளத்தில் பல தடவை அச்சு மூடி நின்றது. முழங்கால் வருத்தம் வந்ததோடு அவருக்குக் குனிந்து கீழே பார்க்கவும் ஏலாமல் போனது. வண்டியை விற்று வேறொன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கெப், அதாவது பிக்கப் ஒன்றுக்கு என்ன விலை சொன்னார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தும் அந்த விலை அவரைப் போன்ற வயல்காரருக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

ஆகவே மாற்றினோம். ஒரு பழைய ஜப்பான் பிக்கப்பின் முன்பகுதி முழுதாகக் கிடைத்தது. குறுக்குச் சட்டம், சுருள் ஸ்பிரிங், மேலும் கீழும் ஆம், புரிக்குப் பதிலாகச் சக்கரத்தைத் திருப்பும் பந்து மூட்டான போல் ஜொயின்ட், டிஸ்க் பிறேக், எல்லாம் ஒன்றாக. இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் பலபேர் வெல்டிங் பாஸைக் கூப்பிட்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. சுருள் ஸ்பிரிங் வந்ததும், முன்பு சீற்றுக்குக் கீழே போய்க்கொண்டிருந்த பாரம் இப்போது முன்சட்டத்தின் மேலேயே உட்காருகிறது. அந்தச் சட்டம் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. கறள் பிடித்த இடங்களை வெட்டி எடுத்து, உள்ளும் வெளியும் தகடு வைத்து, நீளமாக வெல்டிங் ஓட்டினால் தகடு வளைந்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஆறவிட்டுச் செய்தோம். அடுத்தது ஸ்டியரிங். ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பற்சட்டம்தான் ரெக். மைனரின் ரெக் மிக நல்ல ரெக், அதை எடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ரெக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நீளமும் உயரமும் புதிய ஆம்களின் அசைவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் குழியில் விழும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஜக்கால் சக்கரத்தைக் கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் முன்னும் பின்னும் அளந்து, ரெக்கின் இடத்தைத் தள்ளித் தள்ளி வைத்தேன். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த வேலை அதுதான். பிறேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், ட்ரம் பிறேக்குக்காகச் செய்தது, அதுவும் டிஸ்க்குக்குச் சரிவராது என்பதால் மாற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் அதன் போல்ட்டைக் கழற்ற டோர்ஷன் பார் வழி மறிக்கும். இப்போது மறிக்க எதுவும் இல்லை.

பழைய பிடிமானங்களை வெட்டும் முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மாமா, இதை வெட்டினாத் திரும்ப வராது.”

“நான் திரும்பக் கேக்கமாட்டன்” என்றார்.

இப்போது அதை நினைக்கும்போது, அன்று நான் அவரிடம் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றும். மாதம் ஒருதரம் நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள், கிரீஸை நானே அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று. உண்மையில் அந்தப் பிக்கப்புக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆனால் அடுத்த நிமிடமே எனக்கு நானே பதில் சொல்வேன்: அவர் வருவாரா? அறுவடைக் காலத்தில் வருவாரா? வெள்ளத்தில் வருவாரா? இரண்டு தரம் வருவார், மூன்றாம் தரம் வேலை என்பார். அந்த மூன்றாம் தரத்துக்குப் பிறகு பேத்தி முன் சீற்றில் இருக்கும்போது புரி விட்டுவிட்டால்? ஒரு மனிதரின் ஞாபகத்தை நம்பி நிற்கும் சக்கரத்தைவிட, கிரீஸ் மறந்தாலும் சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும் போல் ஜொயின்ட் எனக்கு மேலாகப் பட்டது. அதில் நான் மாறாமல்தான் இருந்தேன்.

மாறாமலே இருந்திருப்பேன், போன அறுவடைக்குப் பிறகு அவரை ரோட்டில் பார்க்காவிட்டால். பின்னுக்கு மூடைகள் கூரையை விட உயரமாக அடுக்கியிருந்தது. அந்தப் பிக்கப் ஆறு ஹன்ட்ரட்வெயிட் என்று சொல்லி விற்ற வண்டி, கிட்டத்தட்ட 300 கிலோ. நெல் மூடை ஐந்தாறு ஏற்றினாலே கணக்குச் சரி. முன்பெல்லாம் அவரும் அவ்வளவுதான் ஏற்றுவார். மதகுகளில் கிட்டத்தட்ட நின்று நின்று இறங்குவார், பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்தாலும் பொருட்படுத்தமாட்டார். இப்போது மதகில் பிறேக் லைற் எரியவே இல்லை.

நான் பின்னாலேயே போய் நிறுத்திப் பேசினேன். பின் லீஃப் ஸ்பிரிங் பழசு, பின் சட்டம் பழசு, இப்படி ஏற்றக் கூடாது என்றேன்.

“முன்னுக்கெல்லாம் புதுசுதானே மனே” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். என் வேலையைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

முன்பு அந்த வண்டி அவரைப் பயப்படுத்தியே வைத்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்தையும் ஸ்டியரிங் வழியாகக் கைக்குச் சொன்னது, அவரும் கேட்டு நடந்தார். நான் அந்தப் பயத்தை எடுத்துவிட்டேன். எடுக்கத்தான் சொன்னார், எடுத்தேன். இப்போது பேத்திக்கு எது ஆபத்துக் குறைந்தது என்று என்னைக் கேட்டால், தேய்ந்த புரியும் மெதுவாக ஓட்டும் தாத்தாவுமா, நல்ல முன்பக்கமும் வேகமாக ஓட்டும் தாத்தாவுமா, நேராக ஒரு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சில நாள் முதலாவது என்று தோன்றும். பிறகு அந்தச் சக்கரம் மட்கார்டுக்குள் சரிந்து கிடந்த கோலம் ஞாபகம் வரும், உடனே இரண்டாவது என்று சொல்வேன். ஒருவன் தன் வண்டியை எப்படி ஓட்டுவான் என்பதும் மெக்கானிக்கின் கணக்கில் சேர வேண்டுமா? சேராது என்றுதான் எனக்குத் தொழில் பழக்கியவர் சொல்வார். அப்படியானால் கிரீஸ் அடிப்பாரா மாட்டாரா என்று மட்டும் நான் ஏன் கணக்குப் பார்த்தேன்?

பின் லீஃப் ஸ்பிரிங்கைச் சும்மா பார்த்துத் தருகிறேன், கொண்டுவாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி மொறிஸ் மைனர் கார் ஒன்றோடு வந்தார். மாமாவின் பிக்கப்பைப் பார்த்துவிட்டு வந்தவர். அதே மாதிரி முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். தூக்கிப் பார்த்தேன். புரி நன்றாக இருந்தது, நிப்பிள் நான்கும் திறந்திருந்தன, டோர்ஷன் பார் சரியான உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. வெட்ட வேண்டாம், ஒழுங்காகக் கிரீஸ் அடியுங்கள், புஷ் மட்டும் மாற்றித் தருகிறேன் என்றேன்.

“அப்ப அவருக்கு மட்டும் ஏன் அண்ணை மாத்திக் குடுத்தீங்க?” என்று கேட்டார்.

அவருடைய புரி தேய்ந்திருந்தது என்றேன். அது உண்மைதான். தம்பி தலையாட்டிவிட்டு, புஷ் எப்போது வரும் என்று கேட்டார். கொழும்புக்குச் சொல்லியிருக்கிறேன்.