தோட்டா கிடைக்காத ஆண்டில் துப்பாக்கி வாங்கியது

2020-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் வசித்த நான் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கப் புறப்பட்டபோது, கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் கைத்துப்பாக்கிகள் ஓரளவு இருந்தன. அவற்றுக்குரிய 9 மில்லிமீட்டர் தோட்டாக்களை அடுக்கும் தட்டுகள்தாம் பின்சுவர் தெரியும்படி காலியாகக் கிடந்தன. ஆகவே, எந்தத் தோட்டா கிடைக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கேற்ற துப்பாக்கியைத் தேடுவது என்று முடிவு செய்தேன். தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்க நினைக்கும் எவருக்கும் இதையே சொல்வேன்.

பெருந்தொற்று பரவிய மார்ச் மாதத்திலேயே கூட்டம் தொடங்கிவிட்டது. மே மாதத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களும், நவம்பர் அதிபர் தேர்தலும் அதை வளர்த்தன. துப்பாக்கி விற்பனைக்கு முன் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சரிபார்ப்புகள் அவ்வாண்டில் மட்டும் 3 கோடியே 96 லட்சத்தைத் தாண்டின. புதிதாகத் துப்பாக்கி வாங்கிய ஒவ்வொருவரும் கூடவே சில பெட்டித் தோட்டாக்களையும் கேட்டால், ஆலைகள் எப்படி ஈடுகொடுக்கும்? குறிப்பாக, தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும், ஊசி அடித்ததும் பொறி எழுப்பி வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சிறு உறுப்பை அமெரிக்காவில் பெருமளவில் தயாரிப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒன்றான ரெமிங்டன் ஜூலையில் திவால் மனு தாக்கல் செய்ததும், அதன் தோட்டா ஆலை வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியதும் நெருக்கடியை மேலும் கூட்டின. வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளும் அனுபவசாலிகளும் பிரைமர் இல்லாமல் கடை கடையாக அலைந்ததைப் பார்த்தேன்.

முந்தைய ஆண்டில் 10 டாலர் அளவில் விற்ற, 50 தோட்டாக்கள் கொண்ட 9 மில்லிமீட்டர் பெட்டி ஒன்றுக்கு அப்போது 40 டாலர்வரை கேட்டார்கள். டெக்சஸின் எல் பாசோ நகரில் தன் கடையிலேயே நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், 2019 செப்டம்பரிலேயே கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை நிறுத்தப்போவதாக வால்மார்ட் என்ற பெரும் அங்காடி நிறுவனம் அறிவித்திருந்ததால், அந்த வழியும் அடைபட்டிருந்தது. சரக்கு லாரி வரும் நாளைத் தெரிந்துகொண்டு விடியலிலேயே வரிசையில் நிற்பதும், ஆளுக்கு ஒரு பெட்டி என்ற அறிவிப்பும் வழக்கமாகிவிட்டன. வரிசையில் நின்று வாங்கியதை வெளியே இரட்டிப்பு விலைக்கு விற்றவர்களும் உண்டு. அவர்களிடம் வாங்குவதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன், ஏனெனில் அந்த வரிசை நீள்வதற்கு அவர்களும் ஒரு காரணம்.

செப்டம்பரில் தொடங்கும் புறா வேட்டைக்காக வரவழைக்கப்பட்டிருந்த, சிறு ஈயக்குண்டுகள் நிறைந்த 12 கேஜ் (குழல் அளவு) தோட்டாக்கள் மட்டும் சில கடைகளில் எஞ்சியிருந்தன. களிமண் தட்டுகளை வானில் எறிந்து சுடும் விளையாட்டுக்கும் அவையே பயன்படும் என்பதால், கைத்துப்பாக்கி ஆசையை ஒத்திவைத்துவிட்டு, அவற்றைச் சுடும் நீளத் துப்பாக்கியான ஷாட்கன் ஒன்றை, முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகையில், தேர்ந்தெடுத்தேன். பெருங்குண்டுத் தோட்டாக்கள் எங்கும் இல்லை. தட்டுச் சுடும் விளையாட்டைக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அவை உடனடித் தேவையும் அல்ல.

அடுத்தது, வாங்குபவர் கடையில் நிரப்பித் தர வேண்டிய 4473 என்ற கூட்டரசுப் (அமெரிக்க மத்திய அரசின்) படிவம். நம்மவர்களில் பலர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அத்தகைய தற்காலிக விசாவில் இருப்போர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியோ தோட்டாவோ வாங்க முடியாது. நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். படிவத்தில் குடிவரவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதைக் காட்டும் வேறோர் அரசு ஆவணமும் வேண்டும். வீடு மாறிய பின் ஓட்டுநர் உரிமத்தைத் திருத்தாத ஒருவர் என் கண்முன்னே திருப்பி அனுப்பப்பட்டார். வாங்குவது தமக்காகத்தானா என்ற கேள்வியை எளிதாக எண்ணிவிடக் கூடாது; வேறொருவருக்காக மறைத்து வாங்குவது கூட்டரசுக் குற்றம். சில மாநிலங்களில் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருந்தாலும், அதைப் பயன்படுத்துபவர் கூட்டரசுச் சட்டப்படி வாங்கத் தகுதியற்றவர் என்று படிவமே எச்சரிக்கிறது.

படிவத்தை நிரப்பியதும் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடிவரவுப் பதிவுகளும் சேர்த்துப் பார்க்கப்படும். எனக்கு உடனடி அனுமதி வரவில்லை. 'தாமதம்' என்ற பதிலே வந்தது. மறுப்பு என்று அதற்குப் பொருளில்லை. மூன்று வேலைநாள்களுக்குள் முடிவு வராவிட்டால், துப்பாக்கியை ஒப்படைப்பது விற்பவரின் விருப்பம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நான் சென்ற கடை, முழு அனுமதி வந்த பிறகே தருவோம் என்றது. எரிச்சலாக இருந்தாலும் அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அனுமதி வந்ததும் கையொப்பமிட்டு எடுத்து வந்தேன்.

பூட்டும் இரும்புப் பெட்டி வந்து சேர்ந்த பிறகே துப்பாக்கி வீட்டுக்குள் வரலாம் என்பது என் மனைவியின் நிபந்தனை. தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது பதினேழு வயதுக்குட்பட்டோர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சஸில் அது குற்றமும்கூட. தோட்டாவைத் தனிப் பூட்டில் வைத்தோம். தட்டுச் சுடும் ஒரு சுற்றுக்கே 25 தோட்டாக்கள், அதாவது ஒரு முழுப் பெட்டி, தீர்ந்துவிடும் என்பதால், துப்பாக்கியைத் தோளில் பொருத்தி இலக்கைத் தொடரும் பயிற்சியை வீட்டில் வெடிக்காத போலித் தோட்டாக்களைக் கொண்டே செய்தேன். அப்போது உண்மைத் தோட்டா எதுவும் அந்த அறையில் இருக்காது. 9 மில்லிமீட்டர் பெட்டியின் விலை 20 டாலருக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கைத்துப்பாக்கியைப் பற்றி மீண்டும் விசாரிக்கத் தொடங்கினேன்.