சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) கொண்டு வீட்டு மின்சாரத்தை அளந்து பார்த்தது

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் மொத்த யூனிட் மட்டுமே தெரிகிறது. அதில் தண்ணீர் மோட்டாரின் பங்கு என்ன, கீஸரின் பங்கு என்ன என்று அறிவதற்காக, எஸ்சிடி-013-000 என்னும் கவ்வு வகை கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை, அதாவது ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை அதன் காந்தப்புலத்தைக் கொண்டு அளக்கும் சி.டி.யை, ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணினிப் பலகையுடன் இணைத்திருக்கிறேன். ஒயரை எங்கும் வெட்ட வேண்டியதில்லை. மெயினை அணைத்துவிட்டு பேஸ் ஒயரை மட்டும் கவ்வுக்குள் விட்டு மூடினால் போதும். நியூட்ரலும் கூடவே நுழைந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து, அளவு சுழியமாகிவிடும்.

சுருளில் 2000 சுற்றுகள் இருப்பதால், பேஸில் 100 ஆம்பியர் ஓடினால் வெளியே 50 மில்லி ஆம்பியர் வரும். அதன் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டரைப் போட்டேன், 50 என்பது ஏசி அலையின் பயனுறு (ஆர்எம்எஸ்) அளவு; அலையின் உச்சத்தில் அதைப்போல் 1.414 மடங்காக 70.7 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதில் 2.33 வோல்ட் உண்டாகிறது. ஏசி அலை சுழியத்துக்குக் கீழேயும் போகும், ஊனோவோ 0 முதல் 5 வோல்ட் வரைதான் படிக்கும் என்பதால், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைக் கொண்டு அலையின் நடுக்கோட்டை 2.5 வோல்ட்டுக்கு உயர்த்தியிருக்கிறேன். ரெசிஸ்டரை இணைத்த பிறகே கவ்வை மூடுவது நல்லது, ஏனெனில் சி.டி.யின் முனைகள் திறந்து கிடந்தால் அங்கே மின்னழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

சிறிய சுமைகள்தான் இதன் பலவீனம். ஊனோ பிரித்தறியும் மிகச் சிறிய படி 4.9 மில்லி வோல்ட்; ஒரு 9 வாட் எல்இடி பல்பு 0.1 ஆம்பியர்கூட எடுக்காதபோது, ரெசிஸ்டரில் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. தனி ஒயரைப் பத்து முறை கவ்வுக்குள் சுற்றியபோது அளவும் பத்து மடங்காயிற்று. ஆனால் அப்போது 10 ஆம்பியருக்கு மேல் அளக்க முடியாது.

சரிபார்ப்பதற்கு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கே போதுமானது. என் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல். 1000 வாட் அயன் பாக்ஸ் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 53 வர வேண்டும், வந்தது. மோட்டாரை ஓட்டியபோதோ, ஆம்பியரை வீட்டு மின்னழுத்தமான 230ஆல் பெருக்கிக் கிடைத்த விடை மீட்டர் காட்டியதைவிடக் கணிசமாக மிகுந்தது. இது சி.டி.யின் பிழையன்று, மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி ஓடுவதால், வெறும் பெருக்கல் இந்தப் பின்தங்கலைக் கணக்கில் கொள்ளாத தோற்றத் திறனையே தருகிறது, மீட்டரோ மோட்டார் மெய்யாகவே எடுத்துக்கொள்ளும் உண்மைத் திறனைக் கணக்கிடுகிறது. ஆகவே அடுத்தபடியாக, ஏசி வெளியீடு தரும் 9 வோல்ட் அடாப்டர் ஒன்றைச் சேர்த்து மின்னழுத்தத்தையும் உடனுக்குடன் படிக்க எண்ணியிருக்கிறேன். கடையில் கேட்டால் டிசி அடாப்டரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.