பழைய மஹிந்திரா தாருக்குப் புது சாஃப்ட் டாப்: நூலில் தொடங்கிய தேடல்

வண்டியின் பழைய சாஃப்ட் டாப்பை, அதாவது துணிக் கூரையை, கழற்றிக் களத்தில் விரித்துப் பார்த்தபோது, துணி இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் நிலையில்தான் இருந்தது. செத்துப்போயிருந்தது நூல். தையலை நகத்தால் நெருடினாலே பொடிப்பொடியாக உதிர்ந்தது. பின் ஜன்னல் மஞ்சளடித்து, சுருட்டிக் கட்டும் மடிப்பில் விரிசல் விட்டிருந்தது. பிரஸ் பட்டன்கள் துருப்பிடித்து, சுற்றியிருந்த துணியையும் சேர்த்து அரித்திருந்தன. எந்த நிறம், எந்தத் துணி என்ற பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் நூலுக்கும் ஜன்னலுக்கும் பட்டனுக்கும் வழி தேட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வண்டி மஹிந்திரா தார், 2010-இல் அறிமுகமான முதல் தலைமுறை, சிஆர்டிஇ டீசல் எஞ்சின். திருத்துறைப்பூண்டி பக்கம் வயல் வரப்பு ஓரப் பாதையிலும் ஆற்றங்கரையிலும் ஓடுவது. அவ்வப்போது வேதாரண்யம், கோடியக்கரை வரை போய் உப்புக்காற்று வாங்கி வருவதும் உண்டு. பங்குனியில் தொடங்கும் வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை, மார்கழிப் பனி, தை அறுவடைத் தூசி என்று ஒரே வருடத்தில் அத்தனையும் டாப்பின் தலையில் விழும்.

கெட்டிக் கூரையான ஹார்டு டாப் போட்டுவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். காற்றோட்டத்துக்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன், அது ஒரு காரணம். இன்னொன்று சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சாஃப்ட் டாப்பாக வந்த வண்டிக்குச் சாஃப்ட் டாப்பையே போட்டால் இந்த வம்பு எதுவும் இல்லை.

துணி தேடும் வேலையை ஆனியில் ஆரம்பித்தேன். டெல்டாவில் இதற்கு ஒரு வசதி உண்டு. நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தகராறுதான், அதனால் தார்ப்பாயை நம்பி வாழ்கிற ஊர் இது. எந்தத் தார்ப்பாய் எத்தனை போகத்துக்கு வரும் என்று களத்தில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெல்லை மூடுகிற மெல்லிய நெகிழி விரிப்பு டாப்புக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு ஓடும் கீற்றும் போன வீடுகளின் மேலெல்லாம் அந்த விரிப்புதான் கிடந்தது. வெயில் பட்டுப் பட்டு அது நார்நாராகக் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பருத்தி கேன்வாஸ் மேல் எனக்கு ஆசை அதிகம். அது மூச்சு விடும், உள்ளே புழுக்கம் குறைவு, காற்றில் சடசடக்காது, கிழிந்தால் எந்தத் தையற்காரரும் ஒட்டுப்போட்டுத் தருவார். நனைந்தால் நூலிழைகள் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புதுக் கேன்வாஸை முதலில் சிலமுறை நனைத்துக் காயவைக்கச் சொல்கிறார்கள். ஆனால் காயவைக்க வெயில் வேண்டுமே! கார்த்திகையில் வேட்டி துண்டே காயாத ஊரில் ஈரக் கேன்வாஸ் வண்டி மேல் நாள்கணக்கில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வருடத்தில் பாதி நாள் வறண்டிருக்கும் மேற்கு மாவட்டங்களில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேன்வாஸையே எடுத்திருப்பேன்.

குஷன் கடைகளில் சீட்டுக்குப் போடும் ரெக்சினைக் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நிழலில் இருக்க வேண்டிய பொருளைக் கொண்டுபோய் வெயிலில் போட்டால் சீக்கிரமே விறைத்து வெடிக்கும். அமெரிக்க ஜீப்புகளின் உயர்ரக டாப்புகளில் வரும் மூன்றடுக்குத் துணி இன்னொன்று. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், அடியில் இன்னொரு நெசவு. சத்தம் குறைவு, ஆயுளும் அதிகம், துணி என்ற அளவில் அதுதான் உசத்தி. விலைதான் எட்டவில்லை. கிழிந்தால் இங்கே அதே துணியில் ஒட்டுப்போட ஒரு துண்டும் கிடைக்காது.

மிச்சம் இருந்தது லாரிப் படுதாத் துணி, அதாவது பாலியெஸ்டர் நெசவின் இரு பக்கமும் பிவிசி பூசியது. மழை ஒரு சொட்டு இறங்காது, சுருங்காது, ஈரத்தில் மக்காது. எடை எவ்வளவு என்பதில்தான் கடைக்குக் கடை கதை மாறும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில். இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் ஒரு துண்டு வெட்டி, சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்து, வரும் கிராமை நூறால் பெருக்க வேண்டும். 650 என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த மாதிரி 5 கிராம்கூட நிற்கவில்லை. இன்னொரு கடையின் மாதிரி 6.4 கிராம் நின்றது, அதையே எடுத்தேன். கறுப்பில் சேர்க்கும் கரி புற ஊதாக் கதிரைத் தடுக்கும், ஆயுளும் கூடும், ஆனால் சித்திரை மதியத்தில் உள்ளே உட்கார முடியாது. வெளியே காக்கி, உள்ளே வெளிர் சாம்பல் உள்ள துணி கிடைத்தது.

தைத்தவர் கும்பகோணம் சாலையில் லாரிப் படுதா தைக்கிற ஒரு பெரியவர். துணியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, லாரிக்காரனுக்கு மழை உள்ள வரக் கூடாது, அவ்வளவுதான். நீங்க உள்ள உக்காரப் போறவரு. வாடை போகுதான்னு ஒரு வாரம் வெயில்ல போட்டு எடுத்துட்டு வாங்க.” அப்படியே மாடியில் போட்டேன். புதுப் பிவிசியின் காரவாடை பெருமளவு போய்விட்டது.

நூல் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரவே இல்லை. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். நைலான் இழுவைக்கு நல்லது, வெயிலில் பாலியெஸ்டரைவிடச் சீக்கிரம் வலுவிழக்கும். வெளிப்புறத் துணிக்கென்றே வரும், மேலே பூச்சுள்ள கனமான பாலியெஸ்டர் நூல்தான் சரி. கையிலிருப்பது பருத்தியா செயற்கையா என்று சந்தேகம் வந்தால் நுனியைக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும், செயற்கை நூல் உருகிக் குண்டுமணியாகத் திரளும். நூலுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் ஒரு துளி. அதில் மிச்சம் பிடித்தால் நல்ல துணியும் சேர்ந்து வீணாகும்.

தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நினைத்துவிடுகிறோம். பிவிசி துணியில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான், கேன்வாஸ் போல உப்பி மூடாது. நெருக்கித் தைத்தால் அந்த ஓட்டை வரிசையிலேயே துணி கிழியும். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல், இரண்டு வரிசை, அதன் மேல் அதே துணியில் ஒரு பட்டை வைத்து சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் உருக்கி ஒட்டியது. தலைக்கு மேலே உள்ள இணைப்புகளில், கூரையில் ஓடு வேய்வது போல முன் துண்டு பின் துண்டின் மேல் படியும்படி வைத்தோம். ஓடும்போது எதிர்க்காற்றோடு வரும் தண்ணீர் இடுக்கில் புகாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

பழைய டாப்பை வைத்து அளவெடுக்க அவர் சம்மதிக்கவில்லை. வருடக்கணக்கில் வெயிலில் இழுபட்டுச் சுருங்கிய துணியின் அளவு நம்பத்தக்கதில்லை என்றார். வண்டியின் வளைவுக் கம்பிகள் மேலேயே துணியைப் போட்டுச் சாக்பீஸால் கோடு கிழித்தார். அதுவும் உச்சி வெயிலில். சூட்டில் பிவிசி இளகும்போது இழுத்துப் பொருத்தினால், குளிர்ந்ததும் தானாக விறைத்து நிற்கும். காலைக் குளிர்ச்சியில் பொருத்தினால் மதியம் தொய்ந்துபோகும்.

ஜன்னலுக்கு நிறமில்லாத பிவிசி ஷீட், முக்கால் மி.மீ. கனம். அரை மி.மீ. சுருட்ட எளிது, ஆனால் சீக்கிரம் அலையலையாகிப் பின்னால் வரும் வண்டி நெளிந்து தெரியும். கறுப்புச் சாயல் உள்ள ஷீட்டையும் காட்டினார்கள். பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. தவிர, தெரு விளக்கில்லாத வாய்க்கால் கரையில் இரவில் பின்னால் எடுக்கும்போது எனக்கே கண் தெரிய வேண்டும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். இந்த ஷீட்டைத் தூசியோடு துடைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, ஈரப் பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. சுருட்டும்போது இடையில் ஒரு பழைய வேட்டித் துண்டு வைத்தால், சூட்டில் ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாது.

பட்டன் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டுபோனேன். சடக்கென்று இழுத்து ஒட்டியதெல்லாம் முலாம் பூசிய இரும்பு. வேதாரண்யம் காற்றுக்கு அது ஒரு மழைக்காலம் தாங்காது. பித்தளையில் எடுத்தேன், பச்சை பூத்தாலும் உளுத்துப்போகாது. ஜிப்பும் உலோகம் வேண்டாம் என்று பெரிய பல் உள்ள பிளாஸ்டிக்கில் போட்டோம். அறுவடைத் தூசியில் சிக்கினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

ஆடி முடிவதற்குள் டாப் ஏறிவிட்டது, அதனால் காற்றிலேயே சோதித்துப் பார்க்க முடிந்தது. திருவாரூர் சாலையில் வேகம் கூடியதும் பின் மூலையில் மட்டும் துணி படபடத்தது. அங்கே ஒரு பெல்ட் கூடுதலாகக் கொடுத்ததும் நின்றது. இந்தப் படபடப்பைச் சும்மா விடக் கூடாது. தையலை உள்ளிருந்து அறுப்பது அதுதான்.

ஐப்பசியின் முதல் பெருமழை விடிய விடிய அடித்தது. தலைக்கு மேல் ஒரு இணைப்பிலும் ஈரமில்லை. முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் மட்டும், துணி உலோகத்தோடு சேரும் இடத்தில், ஓட்டுநர் பக்கம் மெல்லக் கசிந்தது. பழைய ரப்பர் பீடிங் தட்டையாகிப் போயிருந்ததுதான் காரணம். அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. மார்கழியில் உள்பக்கம் வியர்க்கும் என்பது பிவிசியோடு கூட வருகிற குணம். இரவில் இரு பக்க ஜிப்பையும் நான்கு விரல் திறந்து வைக்க நினைத்திருக்கிறேன். வைக்கோல் போர்ப் பக்கம் நிறுத்துவதை விட்டாயிற்று, எலி துணியை ருசி பார்க்க ஆரம்பித்தால் எந்த ஜிஎஸ்எம்மும் நிற்காது. புயல் எச்சரிக்கை வந்தால் டாப்பைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுவேன், வண்டி நனைந்தால் காய்ந்துவிடும்.

கதவுப் படுதா மட்டும் பாக்கி. அதே துணியில் நான்கு மீட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை நெருங்குவதால் தார்ப்பாய் வேலை குவிந்து கிடக்கிறது, பெரியவரின் தையல் மிஷினுக்கு இப்போது ஓய்வில்லை. மாசியில் வரச் சொல்லியிருக்கிறார்.