ஓ'நீலின் வீட்டை மேடையேற்ற

கிளிநொச்சியில அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் தன்ர குடும்பத்தை வைச்சு எழுதின 'இரவை நோக்கிய நெடும் பகல்' போட யோசிக்கிற பிள்ளையளுக்கு: பாத்திரம் ஐந்துதான். 1912 ஆகஸ்டில ஒரே நாள், காலையில இருந்து நடுச்சாமம் வரை. விடிய விடிய கோவலன் கூத்துப் பாக்கிற முல்லைத்தீவுச் சனத்துக்கு நீளம் பிரச்சினையில்லை.

சறுக்கிறது தாயில. அவ மோர்ஃபின் எண்ட போதைமருந்துக்கு அடிமை எண்டவுடனே முதல் அங்கத்திலயே தள்ளாட விடுறீங்கள். பிழை. அப்ப மூட்டுவாதத்தில முடிச்சுப்போட்ட விரல் மட்டும் ஆடவேணும்: மேசையைத் தட்டும், தலைமயிரைத் தடவும்.

பெயர்களைத் தமிழாக்காதேங்கோ. நிசத்தில குழந்தையில செத்த ஓ'நீலின்ர அண்ணன்ர பேர் எட்மண்ட். நாடகத்தில தன்னை எட்மண்ட் ஆக்கி, செத்த பிள்ளைக்கு யூஜின் எண்டு தன்ர பேரை வைச்சிருக்கிறான் மனுசன். தாய் யூஜின் எண்ட பேரைச் சொல்லேக்க குரலை உயர்த்த வேண்டாம்.