ஆல்ஃப்வென் அலை படிக்கிறீர்களா? முதலில் அலைநீளத்தைக் கணக்கிடுங்கள்

எம்.எஸ்ஸி.யில் பிளாஸ்மா (அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயு) இயற்பியல் எடுத்தவர்கள், காந்தப்புலக் கோடுகள் வழியே பிளாஸ்மாவில் ஓடும் ஆல்ஃப்வென் அலைக்கு வந்ததும் சமன்பாட்டைத் தருவிப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் எனக்குப் பாடம் பிடிபட்டது, இந்த அலையை ஆய்வகத்தில் எப்படி எழுப்பி அளக்கிறார்கள் என்று படித்தபோதுதான்.

இயற்பியலாளர் ஹானஸ் ஆல்ஃப்வென் இப்படி ஓர் அலை இருக்கும் என்று 1942இல் கணித்தார். காந்தப்புலக் கோடு இழுத்துக் கட்டிய தந்தி. அயனிகள் அதன் எடை. அந்தத் தந்தியில் ஓடும் அதிர்வுதான் இந்த அலை. 1949இல் லுண்ட்குவிஸ்ட் என்ற இயற்பியலாளர், மின்சாரம் கடத்தும் திரவமான பாதரசத்தில் இதைச் சோதித்தார். வரலாறு இவ்வளவு போதும்.

அப்புறம் கால்குலேட்டரை எடுங்கள். ஹீலியம் பிளாஸ்மா, 1000 காஸ் புலம், கன சென்டிமீட்டருக்கு 2 லட்சம் கோடி அயனிகள் என்று வையுங்கள். அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 770 கிலோமீட்டர் வரும். அயனி சைக்ளோட்ரான் அதிர்வெண், அதாவது அயனி காந்தப்புலக் கோட்டை நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது, சுமார் 380 கிலோஹெர்ட்ஸ். அலை அதற்குக் கீழேதான் இருக்க முடியும். அதில் பாதியை எடுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 4 மீட்டர்! மேசைமேல் வைக்கும் குழாயில் இது எப்படி அடங்கும்? கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் உள்ள எல்.ஏ.பி.டி. என்ற பெரிய பிளாஸ்மா கருவி சுமார் 20 மீட்டர் நீளம் இருப்பது இதனால்தான்.

புலத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று வைவாவில் கேட்கலாம். வேகமும் இரட்டிக்கும், சைக்ளோட்ரான் அதிர்வெண்ணும் இரட்டிக்கும். எனவே அலையின் அதிர்வெண்ணைச் சைக்ளோட்ரான் அதிர்வெண்ணில் அதே பாதியாக வைத்தால் அலைநீளம் மாறாது. அதைக் குறைக்க அடர்த்தியைக் கூட்ட வேண்டும், அல்லது எடை குறைந்த அயனிக்குப் போக வேண்டும். இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு மறக்காது.

அளக்கும் முறையையும் விட்டுவிடாதீர்கள். பிளாஸ்மாவுக்குள் நுழைக்கும் சிறு கம்பிச்சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம், காந்தப்புலம் மாறும் வீதத்தைத்தான் காட்டும். புலம் வேண்டுமானால் தொகையிட வேண்டும். பிளாஸ்மாவின் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் சுருளில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எதிரெதிர்த் திசையில் இரண்டு சுருள்கள் சுற்றி, இரு குறிகைகளின் வித்தியாசத்தை எடுக்கிறார்கள். காந்தப் பகுதி கூடும், வேண்டாதது கழிந்துவிடும். எவ்வளவு எளிமையான, அழகான யோசனை! எல்.ஏ.பி.டி.யில் நொடிக்கு ஒருமுறை வரை பிளாஸ்மா ஒரே மாதிரி உருவாவதால், சுருளைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி அலை முழுவதையும் வரைந்துவிடுகிறார்கள்.

இதுவரை தெளிவானால், துருவ ஒளிக்குக் காரணமான எலக்ட்ரான்களை ஆல்ஃப்வென் அலைகள் முடுக்க முடியும் என்று இதே கருவியில் காட்டி 2021இல் வெளியான ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். படங்களிலிருந்து தொடங்குங்கள், சமன்பாடுகள் பிறகு.